மார்கழிக் கன்றும் வாய்க்கூடையும்

எங்கள் அக்கா பிறந்தது மதுரை சிம்மக்கல்லில். கள்ளழகர் வைகையில் இறங்கிய மறுநாள் என்று அப்பா சொல்வார். இறங்கிய அன்றேதான் என்று அம்மா சாதிப்பார். ஜாதகத்தில் சுவாதி என்று இருப்பதால் அப்பா சொன்னதே சரி என்று நான் வளர்ந்த பிறகு கணக்குப் போட்டுச் சொன்னேன். "நான் பொறந்த நாளத் திருத்த வந்துட்டாரு பெரிய மனுசன்" என்று அக்கா சிரித்தார்.

நாள் குறித்து வைப்பது என் பழக்கம். விடுமுறை கிடைத்தால் ஆனைமலைக்கும் அழகர்கோயிலுக்கும் போய்க் கல்வெட்டு படிப்பேன். எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்பதை மாற்றிப் போட்டால் காரியத்தின் முகமே மாறிப்போகும் என்பதை அங்கேதான் கற்றுக்கொண்டேன். அக்காவின் முதலாண்டு நினைவு மலருக்காக எழுதும் இந்தக் கட்டுரையிலும் நாள்களை வரிசையாக வைக்கப் போகிறேன். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

சென்ற மாசியில் அக்காவின் இறுதிச் சடங்குக்கு வந்தவர்களிடையே ஒரு பேச்சு கிளம்பியது. கிளப்பியவர்கள் கெட்டவர்கள் அல்லர். துக்கத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னார்கள். ஆனால் அந்தப் பேச்சு போய் விழுந்தது ஒரு பச்சைக் குழந்தையின் மேல். அது அப்படியே நிலைத்துவிட்டால் அந்தக் குழந்தை அதைச் சுமந்துகொண்டுதான் வளர வேண்டும். அக்காவுக்கு நான் செய்ய வேண்டிய கடமையாகவே நடந்ததை நடந்தபடி இங்கே எழுதுகிறேன்.

அக்கா பள்ளிப்படிப்பை முடித்த கையோடு டி. கல்லுப்பட்டிக்குத் தெற்கே ஒரு கரிசல் ஊரில் வாழ்க்கைப்பட்டார். சிம்மக்கல்லில் பழக்கடைகளுக்கும் பேருந்துகளுக்கும் நடுவே வளர்ந்தவர். மாடு என்றால் சந்துக்குள் வழிமறிக்கிற ஒரு தொந்தரவு என்பதற்கு மேல் அவருக்கு ஒன்றும் தெரியாது. புகுந்த வீட்டிலோ தொழுவம்தான் வீட்டின் பெரும்பகுதி. மச்சானும் அவருடைய அண்ணனும் ஒரே கூரையின் கீழ் மாடு வளர்த்தார்கள். அந்த அண்ணனை நாங்கள் பெரிய மச்சான் என்போம். அவர் மணம் செய்துகொள்ளவில்லை. தாயில்லாத தம்பியைத் தோளில் போட்டு வளர்த்தவர். அந்த வீட்டில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது.

அந்த வீட்டு வழக்கம் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் காலை, தொழுவத்தில் உள்ள எல்லாக் கன்றுகளுக்கும் பால் மறக்க வைப்பார்கள். தென்னை நாரில் முடைந்த வாய்க்கூடையைக் கன்றின் வாயில் கட்டி, தாயிடமிருந்து பிரித்துத் தொழுவத்தின் மறுகோடியில் கட்டிவிடுவார்கள். அதைக் 'கூடை கட்டுதல்' என்பார்கள். கூடை கட்டிய பிறகு, அதை அவிழ்க்கும் வேளைகளில் வைக்கோலும் அரிசிக் கஞ்சியும் மட்டுந்தான் கிடைக்கும். கூடை கட்டுவது பெரிய மச்சான். அவருக்கு முன் அவருடைய அய்யா. அவருக்கும் முன் அவருடைய அய்யா. நாட்டு மாடுகள் இருந்த காலத்தில் இதில் தவறேதும் இல்லை. அவை பெரும்பாலும் ஆவணி, புரட்டாசியில் ஈன்றன. தை வரும்போது கன்றுகள் வளர்ந்து நன்றாகவே புல் கடித்தன. பிறகு கலப்பின மாடுகள் வந்தன. சினை ஊசி வந்தது. மாடுகள் எல்லா மாதத்திலும் ஈன்றன. கூடை கட்டும் நாள் மட்டும் மாறவில்லை.

அக்கா வாழ்க்கைப்பட்ட முதல் ஆண்டிலேயே மார்கழியில் பிறந்த ஒரு கன்றுக்குக் கூடை கட்டினார்கள். தாயும் கன்றும் ஆளுக்கொரு கோடியில் நின்று கத்தின. சில நாளில் கன்றின் வயிறு மட்டும் பானைபோல் ஊதியது. முதுகெலும்பு தெரிந்தது. மயிர் சிலிர்த்து மங்கியது. பிறகு கழிச்சல் கண்டது. மாசி நடுவில் வேலிக்கருவைப் புதருக்குப் பின்னால் குழி தோண்டினார்கள். கறக்கும்போது முன்னால் நிறுத்தக் கன்று இல்லாமல் பசு பால் சுரக்கவில்லை. அதனால் புதைக்கும் முன் உரித்து வைத்த தோலில் வைக்கோல் திணித்து அதன் முன்னால் நிறுத்தினார்கள். பசு அதை நக்கியது. பால் இறங்கியது. அன்று அக்கா கறவைச் செம்பை அப்படியே வைத்துவிட்டு, பேருந்து ஏறிச் சிம்மக்கல்லுக்கு வந்துவிட்டார்.

"அது தெரிஞ்சு நக்குதா, தெரியாம நக்குதா, தம்பி?" என்று அழுதுகொண்டே என்னிடம் கேட்டார். இரண்டு நாள் எங்களோடு இருந்துவிட்டுத் திரும்பிப் போனார். அதன்பிறகு அவர் அழுது நான் பார்க்கவில்லை.

அடுத்தடுத்த ஆண்டுகளிலும் மார்கழியில் பிறந்தவை மாசியில் செத்தன. ஒருமுறை நான் போயிருந்தபோது ஒரு பசு ஈன்றது. நல்ல கிடேரி, பெண் கன்று. மச்சான் சாக்கால் அதைத் துடைத்துக்கொண்டிருந்தார். பெரிய மச்சான் துண்டைத் தோளில் போட்டபடி வந்து பார்த்தார்.

"மார்கழில விழுந்துருச்சா? இது மாசியத் தாண்டாதும்மா. ஆச வச்சுறாத."

"ஒங்க தம்பியும் மார்கழில பொறந்தவருதான, பெரிய மச்சான்?" என்றார் அக்கா. "எத்தன மாசியத் தாண்டிட்டாரு! வைக்கிற இட்லி அம்புட்டையும் தின்னுட்டு நல்லாத்தான இருக்காரு."

நான் சிரித்துவிட்டேன். மச்சான் நிமிரவில்லை.

"அவன் தாண்டிட்டான்" என்றார் பெரிய மச்சான். "எங்காத்தா தாண்டலையே. இவனப் பெத்துப் போட்டுட்டு மாசிக்குள்ள போயிருச்சு. மார்கழில விழுந்தது ஒண்ணு தங்குனா, அதுக்கு இன்னொரு உசுரப் பறிகுடுக்கணும். நான் சின்னப்பயலா நின்னு பாத்தவன்மா."

சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். மச்சான் துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார். தாயை முழுங்கியவன் என்று ஊரார் சொல்லச் சொல்லக் கேட்டு வளர்ந்தவர் அவர். அதிகம் பேசாதது அவர் சுபாவம் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

அந்தக் கிடேரியும் மாசியைத் தாண்டவில்லை.

பிறகு, முதுமையில் ஒடுங்கிக் கிடந்த மச்சானின் தந்தையார் காலமானார். கார்த்திகைத் தீபத்துக்குப் பின், மார்கழி பிறப்பதற்கு முன். துக்க வீடு ஆகையால் அந்த ஆண்டு பொங்கல் வைக்கவில்லை. மார்கழியில் ஒரு கறுப்புக் கிடேரி பிறந்தது. மாசி வந்தது, போனது. பங்குனியும் போனது. கன்று துள்ளிக்கொண்டிருந்தது. ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனது. ஆனால் ஒருவர் முகத்திலும் மகிழ்ச்சி இல்லை. "எங்கய்யா போயி இதுக்கு உசுரக் குடுத்துட்டாரு" என்றார் பெரிய மச்சான். இனி இந்தத் தொழுவத்தில் மார்கழிக் கன்றே வேண்டாம் என்று முடிவு கட்டினார். பங்குனியில் ஊசி போட்டால் மார்கழியில் ஈனும் என்பதால், பங்குனியில் பருவத்துக்கு வரும் மாட்டுக்குச் சினை ஊசி கிடையாது என்றானது. ஊசி போடுகிறவர் அந்த மாதம் வாசலில் வண்டியை நிறுத்துவதில்லை.

அதற்கு அடுத்த ஆண்டு அக்கா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். என் மனைவியோடு உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவர் திடீரென்று கையை நிறுத்தினார்.

"தம்பி, நீதான் நாள் பாக்குறவன். இதச் சொல்லு. அந்த வருசம் என்ன நடந்துச்சுன்னு எல்லாரும் பாத்தாக. என்ன நடக்கலைன்னு ஒருத்தரும் பாக்கலையே."

"என்ன நடக்கல?"

"பொங்க வைக்கல. பொங்க வைக்கலைன்னு கூடையும் கட்டல. அந்தக் கன்னு பாட்டுக்கு மூணு மாசம் பால் குடிச்சுச்சு."

வாய்விட்டுச் சொன்ன பிறகு அது எவ்வளவு எளிதாக இருந்தது! கார்த்திகையில் பிறந்தவை பிழைத்தாலும் குன்றிப்போய், பருவத்துக்கு வர ஆண்டுக்கணக்கில் ஆனதும், தைக்குப் பிறகு பிறந்தவை அடுத்த பொங்கல் வரை பால் குடித்து உருண்டு திரண்டு நின்றதும் அப்போதுதான் எங்கள் இருவருக்கும் ஒரே கோட்டில் தெரிந்தன. ஒரு குறிப்பிட்ட மாதத்தைக் கண்டு அந்த வீடு பயந்துகொண்டிருந்தது. கன்றைக் கொன்றது அந்த மாதத்துக்கும் பொங்கலுக்கும் நடுவில் இருந்த குறுகிய இடைவெளி.

பால் சொசைட்டியில் நடந்த ஒரு கூட்டத்துக்குக் கால்நடை மருத்துவர் ஓர் அம்மையார் வந்திருந்தார். அக்கா அவரிடம் கேட்டுத் தெளிந்துகொண்டார். மாட்டின் வயிற்றில் நான்கு அறை. பிறந்த கன்றுக்கு அதில் பாலைச் செரிக்கிற ஒன்றுதான் வேலை செய்யும். புல்லைச் செரிக்கிற பெரிய அறை, தீவனமும் தண்ணீரும் சிறுகச் சிறுக உள்ளே போனால்தான் வேலைக்கு வரும். அதற்குள் பாலை நிறுத்திக் கஞ்சி ஊற்றினால் வயிறு நிறையும், உடம்பு பட்டினி கிடக்கும். கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்காவது தினமும் பால் வேண்டும். இரண்டாம் வாரத்திலிருந்து கன்றுத் தீவனத்தை முன்னால் வைக்க வேண்டும். நாளைக்கு ஒரு கிலோ அளவுக்குத் தீவனத்தை விடாமல் சில நாள் தின்ற பிறகு பாலைக் கொஞ்சங்கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். பெரும்பாலும் இரண்டு மூன்று மாதத்தில் அந்த நிலை வரும். "தேதியப் பாக்காதீங்க, தீவனத் தொட்டியப் பாருங்க" என்றாராம் அந்த அம்மையார்.

அக்கா வீட்டில் சொல்லிப் பார்த்தார். "எங்கய்யாவுக்கு அய்யா கட்டுன கூடைல குத்தம் கண்டுபிடிக்கிறியாம்மா?" என்று பெரிய மச்சான் கேட்டதோடு அது நின்றுபோனது. மார்கழிக் கன்றே பிறக்காதபோது எதை வைத்து மெய்ப்பிப்பது? சில ஆண்டுகள் அக்கா பேசாமல் இருந்தார்.

இனி வருபவைதான் முக்கியமான நாள்கள். உறவினர்கள் இதைப் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

அக்கா காலமாவதற்கு முந்திய பங்குனியில் செவலைப் பசு பருவத்துக்கு வந்தது. மாசியில் போட்ட ஊசி நிற்கவில்லை. பங்குனியையும் விட்டால் மலட்டு மாடு என்று விற்கச் சொல்லியிருப்பார்கள். பெரிய மச்சான் பங்குனி உத்திரத்துக்காகப் பழனிக்கு நடைப்பயணம் போயிருந்தார். அக்கா ஊசி போடுகிறவரை வரச்சொல்லி, மச்சானைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, ஊசி போடச் செய்தார். திரும்பி வந்த பெரிய மச்சான் பல நாள் அக்காவோடு பேசவில்லை.

வைகாசியில் மருமகள் சுகன்யா கருவுற்றிருப்பது தெரிந்தது. அக்காவின் ஒரே மகன், கப்பலூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் கதிரேசனின் மனைவி அவள். விரல்விட்டு எண்ணினார்கள். மார்கழி வந்தது. பெரிய மச்சான் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "ரெண்டும் மார்கழியா?" என்று கேட்டார். தட்டில் கை கழுவிவிட்டு எழுந்துபோனார்.

அன்று முதல் அந்த வீட்டில் எல்லோரும் தாழ்ந்த குரலில் பேசத் தொடங்கினார்கள். சுகன்யா தொழுவப் பக்கம் போவதை நிறுத்தினாள். செவலையின் வயிறு பெருக்க, அவள் வயிறும் பெருக்க, பார்க்க வந்தவர்கள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அவளுக்குச் சோறு இறங்கவில்லை. "சித்தப்பா, அந்த மாடு என்னையவே பாக்குது" என்று ஒருமுறை என்னிடம் சொன்னாள்.

ஆவணியில் அக்கா வயிற்றுவலி என்று எங்கள் வீட்டுக்கு வந்தார். பரிசோதனைகள் நடந்தன. முடிவைக் கேட்கப் போன நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அது ஆவணி மூலத்தில் பிட்டுத் திருவிழா நாள். சுவாமி புறப்பாட்டுக்காகப் பாதையை மாற்றிவிட்டிருந்தார்கள். ஆட்டோ சுற்றிச் சுற்றிப் போனது. கணையத்தில் கட்டி, ஈரலுக்கும் பரவிவிட்டது, அடுத்த கோடையைப் பார்ப்பது கடினம் என்று மருத்துவர் மறைக்காமல் சொன்னார். திரும்பும்போது அக்காதான் பேசினார்.

"சுகன்யா நல்லபடியா பெத்து எடுக்குற வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியக்கூடாது. ஒன் மச்சானுக்குக்கூட."

"எப்படிக்கா மறைக்கிறது?"

"அந்தப் பிள்ள ஏற்கெனவே பாதி பயத்துல செத்துக்கிட்டிருக்கு. நான் இதச் சொன்னேன்னு வையி, மிச்சத்த அந்த வீடே செஞ்சு முடிச்சிரும்." மருத்துவச் சீட்டுகளை என் கையில் திணித்தார். "நீ இந்த நாள மட்டும் மறந்துறாத. பின்னால ஒருநா தேவப்படும்."

சுகன்யாவுக்கு அப்போது ஐந்து மாதம் முடிந்திருந்தது. செவலைக்கும் அதே அளவு. அக்காவின் உடலில் நோய் அதற்கும் எத்தனையோ மாதங்களுக்கு முன்பே குடிபுகுந்திருந்தது என்று மருத்துவர் சொன்னார். சுகன்யா கருவுறுவதற்கே முன்னால். இதை நான் இங்கே அழுத்தி எழுதுகிறேன்.

மார்கழியில் முதலில் செவலை ஈன்றது. கிடேரிக் கன்று. நஞ்சுக்கொடி விழும்வரை கன்றைக் காம்பில் விடக்கூடாது என்பது அங்கே வழக்கம். அக்கா காத்திருக்கவில்லை. சீம்பாலைக் கறந்து, விரலைச் சப்பக் கொடுத்து, அந்த விரலைப் பாலில் அமிழ்த்தி, கன்று எழுந்து நிற்கும் முன்பே குடிக்கவைத்தார். திருவாதிரை அன்று மதுரையில் ஒரு மருத்துவமனையில் சுகன்யா பெண் குழந்தையைப் பெற்றாள். சுகப்பிரசவம். அக்கா குழந்தையை வாங்கி, முகத்தை வெகுநேரம் பார்த்தார். "ஆதிரைன்னே பேரு வச்சிருங்க. எந்த மாசம் பொறந்தான்னு ஒருத்தரும் மறைக்க வேணாம்" என்றார். அங்கே இருந்தவர்களில் நான் ஒருவன் மட்டுமே அவர் ஏன் அந்தக் குழந்தையை அப்படிப் பார்க்கிறார் என்று அறிந்திருந்தேன். சுகன்யா குழந்தையோடு திருமங்கலத்தில் தன் தாய் வீட்டுக்குப் போனாள்.

தை வந்தது. மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் காலை பெரிய மச்சான் புதுக் கூடைகளோடு தொழுவத்துக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன். செவலையின் கன்றுக்கு முன்னால் அக்கா ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். நெடுநேரம் நிற்க அவரால் அப்போது முடியாது. இரத்தச் சோகை என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

"எந்திரிம்மா. கூட கட்டணும்."

"இதுக்கு வேணாம், பெரிய மச்சான். இது இன்னும் புல்லு கடிக்கல. தீவனமே ஒரு கை அளவுதான் திங்குது."

"எல்லாத்துக்கும் கட்டிட்டு இத மட்டும் விடச் சொல்றியா?"

"விட்டா என்னாகும்?"

"ஒனக்குத் தெரியாதா? யாராச்சும் போவாக."

அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தார். "போறவுக போகட்டும். கன்னு பால் குடிக்கட்டும்."

பெரிய மச்சான் மற்றக் கன்றுகளுக்குக் கூடை கட்டிவிட்டுப் போனார். பிற்பாடு பலரும், அக்கா தன் உயிரைத் தானே நேர்ந்து கொடுத்துவிட்டார் என்று சொன்னதற்கு இந்த வார்த்தைதான் காரணம். பக்கத்தில் நின்ற எனக்கு அதன் பொருள் தெரியும். தான் போகப்போவது நிச்சயம் என்று ஆவணியிலேயே அறிந்த ஒருவர், தன் சாவின் பேரில் எந்தக் கன்றையும் பட்டினி போட வேண்டாம் என்று சொன்ன வார்த்தை அது.

தை முடிவதற்குள் கன்றுக்குக் கழிச்சல் கண்டது. ஊரில் அது பேச்சானது. வேலிக்கருவைப் பக்கம் யாரோ மண்வெட்டியைக் கொண்டுபோய் வைத்ததாகக்கூடச் சொன்னார்கள். அக்கா பாலை நிறுத்தவில்லை. சிறிது சிறிதாகப் பல தடவை கொடுத்தார். இடையிடையே உப்பும் சர்க்கரையும் கரைத்த நீரைப் புகட்டினார். அவர் சொல்லச் சொல்ல மச்சான் செய்தார். அந்த நாள்களில் ஒன்றில்தான் அக்கா தன் நோயை மச்சானிடமும் கதிரேசனிடமும் சொன்னார். கன்று நான்காம் நாள் எழுந்து நின்று தொட்டியில் வாய் வைத்தது. அக்கா அந்த வாரமே படுக்கையில் விழுந்தார். நம்மில் பெரும்பாலோருக்கு அவர் நோய் அப்போதுதான் தெரிந்தது. கன்று தேறியதையும் அக்கா படுத்ததையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தவர்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டதில் வியப்பில்லை.

படுக்கையில் இருந்தும் அவர் கேட்டது தொட்டியைப் பற்றித்தான். "இன்னைக்கு எம்புட்டுத் தின்னுச்சு?" என்பார். மச்சான் வாரம் ஒருமுறை நாடாவால் கன்றின் மார்பைச் சுற்றி அளந்து, நாடாவில் விரல் வைத்த இடத்தை விடாமல் அப்படியே கட்டிலருகே கொண்டுவந்து காட்டுவார். மாசி மகத்துக்கு மறுநாள் காலை, பால் கறக்கும் நேரத்தில், அக்கா காலமானார்.

சுகன்யா குழந்தையோடு வந்திறங்கினாள். பந்தலில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. "பாட்டிய முழுங்கிட்டுல்ல வந்திருக்கு" என்று ஒரு குரல். "கன்னுக்கு ஒண்ணு, பிள்ளைக்கு ஒண்ணுன்னு இன்னும் ஒரு உசுரு பாக்கி இருக்கு" என்று இன்னொரு குரல். சுகன்யா காதில் அது விழுந்தது. வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

மச்சான் அக்காவின் தலைமாட்டிலிருந்து எழுந்தார். நடந்துபோய்க் குழந்தையை அவளிடமிருந்து வாங்கினார். கூட்டத்தில் அவர் பேசி நான் கேட்டதே இல்லை. அன்று கேட்டேன்.

"என்னைய இப்படித்தான் சொல்லிச் சொல்லி வளத்தீக. எங்காத்தா மொகத்தக்கூட நான் பாத்ததில்ல. அந்தப் பழிய நாப்பது அம்பது வருசமாத் தின்னு செரிச்சிட்டேன். இந்தப் பிள்ளைக்கு அத ஊட்டாதீக."

பேச்சு அடங்கியது. சாகவில்லை. அன்று மாலையே சுகன்யா திருமங்கலம் போய்விட்டாள். இந்த ஓராண்டாகக் குழந்தை அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. கதிரேசன் கப்பலூரிலிருந்து திருமங்கலத்துக்கும் ஊருக்குமாக அலைந்துகொண்டிருக்கிறான்.

அன்று சுடுகாட்டிலிருந்து திரும்பியதும் பெரிய மச்சானைக் காணோம். தேடிப் போனேன். தொழுவத்தில் செவலையின் கன்று காலையிலிருந்து பால் இல்லாமல் கத்திக்கொண்டிருந்தது. அவர் வாளியில் பாலை வைத்துக்கொண்டு, தன் விரலை அதன் வாயில் கொடுத்துக்கொண்டிருந்தார். வாளியில் குடிக்கப் பழகிவிட்ட கன்றுக்கு விரல் தேவையில்லை என்பது அவருக்குத் தெரியவில்லை. பங்குனியில் பாலைக் குறைத்ததும், சித்திரையில் நிறுத்தியதும் அவர்தான். இந்தத் தையில் அவர் எந்தக் கன்றுக்கும் கூடை கட்டவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. செவலையின் கன்று இன்று தாயின் தோளைத் தொட வளர்ந்து நிற்கிறது.

இதை அச்சுக்குக் கொடுக்கும் முன் பெரிய மச்சானுக்கு முழுவதும் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். அவர் பெயருக்குக் குறை வரும் இடங்களை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"எங்காத்தா போனத எழுதிருக்கீகளா?"

"எழுதியிருக்கேன்."

"அப்ப இருக்கட்டும். என்னைய மட்டும் வெட்டிட்டா கத நொண்டும்."

முதலாண்டு நினைவு நாளுக்குக் குழந்தையோடு வரும்படி அழைக்கச் சுகன்யாவையும் போய்ப் பார்த்தேன். "வாரேன், சித்தப்பா. அத்தைக்காக வாரேன்" என்றாள். "ஆனா ஒருத்தர் வாயிலருந்து அந்தச் சொல்லு வந்துச்சுன்னாக்கூட அப்பவே தூக்கிட்டுப் போயிருவேன். பெறகு அவள அந்தப் பக்கம் கொண்டாரவே மாட்டேன்." அவள் சொன்னால் செய்வாள். அக்கா அந்தப் பிடிவாதத்தை விரும்பினார்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். அக்காவிடம் உண்மையை மறைக்காமல் சொல்லி, கடைசிவரை வலி தெரியாமல் பார்த்துக்கொண்ட மதுரை மருத்துவருக்கும் செவிலியர்களுக்கும், அழைத்தபோதெல்லாம் தொழுவத்துக்கு வந்த கால்நடை மருத்துவர் அம்மையாருக்கும், அக்கா படுத்திருந்த நாள்களில் இருவேளையும் வந்து பால் கறந்து கொடுத்த பக்கத்து வீட்டாருக்கும், தொலைவிலிருந்து வந்து தோள் கொடுத்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அன்று பந்தலில் பேசியவர்களுக்கும் நன்றி சொல்கிறேன். அவர்களும் அக்காவுக்காக அழுதவர்கள்தான்.

நினைவு நாளுக்கு வருகிற எல்லோருக்கும் இந்த நினைவு மலரை ஆதிரையின் கையால் கொடுக்க வேண்டும் என்று மச்சான் சொல்லியிருக்கிறார். அவள் இப்போது தத்தித் தத்தி நடக்கிறாள். ஒவ்வொன்றாகத்தான் எடுத்துக் கொடுப்பாள். சிலவற்றின் மூலையைக் கடித்தும் பார்ப்பாள். முதல் மலரைத் தான் வாங்கிக்கொள்வதாகப் பெரிய மச்சான் சொல்லி அனுப்பியிருக்கிறார். அவர் இதுவரை அவளைத் தூக்கியதில்லை. அதற்குப் பிறகுதான் உங்கள் முறை. இதை நீங்கள் படிக்கும்போது அவளிடமிருந்து வாங்கிவிட்டிருப்பீர்கள். அவள் உயரத்துக்குக் குனிந்துதான் வாங்கியிருக்க முடியும். அவள் முகம் அப்போது உங்கள் முகத்துக்கு வெகு அருகில் இருந்திருக்கும்.